செராக்ஸ் எடுக்க முடியாத வெளிச்சம்

இந்த எபிசோடுக்காக நான் செஞ்ச ஒரே செலவு, 250 ரூபாய்க்கு வாங்கின ஒரு யூவி டார்ச். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் ரூம் லைட்டை அணைச்சுட்டு, நானும் தங்கச்சியும் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பொருள் மேலேயும் அதை அடிச்சுப் பார்த்தோம். அப்பாவோட வெள்ளை வேட்டி பேய்ப் படத்தில் வர்ற மாதிரி நீலமா மின்னுது. பிரிண்டருக்கு வாங்கி வெச்ச ஏ4 பேப்பரும் அப்படியே. ஆனால் 500 ரூபாய் நோட்டைக் காட்டினா, தாள் கம்முனு இருட்டா கிடக்கு. சீரியல் நம்பரும், தாளுக்குள்ள அங்கங்க சிதறிக் கிடக்கிற குட்டிக் குட்டி இழைகளும் மட்டும்தான் பளிச்சுனு தெரியுது.

அப்புறம் என் பர்ஸில் இருந்து இன்னொரு 500 ரூபாய் நோட்டை எடுத்தோம். அது முழுசா நீலமா மின்னுச்சு. "அண்ணா, கள்ள நோட்டு!"ன்னு தங்கச்சி கத்திட்டா. எனக்கும் ஒரு நிமிஷம் வயிற்றைக் கலக்கிடுச்சு. கடைசியில் விஷயம் வேற. போன மாசம் ஜீன்ஸ் பாக்கெட்டோட வாஷிங் மெஷினில் போய் வந்த நோட்டு அது. சலவைத் தூளில் ஆப்டிகல் பிரைட்னர்னு ஒரு வேதிப்பொருள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கிட்டு நீல ஒளியா வெளிவிடும். துணி வெள்ளை வெளேர்னு தெரியறது அதனாலதான். நம்ம ஊர் நோட்டுத் தாள் பருத்தியில் செய்யறது, அதில் இந்தப் பொருளைச் சேர்க்க மாட்டாங்க. என் நோட்டு சலவையில் அதைக் கொஞ்சம் குடிச்சிருக்கு, அவ்வளவுதான். நல்ல நோட்டு, ஆனா டெஸ்ட்டில் ஃபெயில்.

இதே டெஸ்ட்டில் கள்ள நோட்டு பாஸ் ஆகவும் முடியும். இன்னைக்குப் பேசப் போறது அதைப் பத்திதான். ஒரு பொருள் ஒளிருதுங்கிறதாலயே அது அசல்னு எப்படி நம்பறது?

நோட்டைவிட எனக்கு உறுத்தினது ஒரு மருந்து அட்டை. 2023 ஆகஸ்ட் 1-லிருந்து நம்ம நாட்டில் அதிகம் விற்கிற 300 மருந்து பிராண்டுகளோட பெட்டியிலோ அட்டையிலோ க்யூஆர் கோடோ பார்கோடோ இருக்கணும்னு சட்டம். அம்மா சாப்பிடற பிரஷர் மாத்திரையும் அந்தப் பட்டியலில் இருக்கு. போனில் ஸ்கேன் பண்ணினேன். மருந்துப் பேரு, கம்பெனி முகவரி, பேட்ச் எண், காலாவதித் தேதி, லைசென்ஸ் எண் எல்லாம் வந்துச்சு. சந்தோஷம். அடுத்ததா அந்தக் கோடை ஒரு போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, அந்த பிரிண்டை ஸ்கேன் பண்ணினேன். ஒரு எழுத்து மாறாமல் அதே பதில். என்னால பத்து நிமிஷத்தில் முடியற விஷயம், போலி மருந்து விக்கிறவனால முடியாதா? உலக சுகாதார நிறுவனம் 2017-ல் சொன்ன கணக்குப்படி, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 10 மருத்துவப் பொருட்களில் 1 தரக்குறைவானது அல்லது போலியானது.

க்யூஆர் கோடு வெறும் தகவல். தகவலை நகல் எடுக்கிறது சுலபம். கோட் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது தினசரி அனுபவம். பொருளை நகல் எடுக்கிறது கஷ்டம். ஒளிரும் படிகங்களை நம்பி ஆராய்ச்சியாளர்கள் இத்தனை வருஷமா உழைக்கிறது அதனாலதான்.

கொஞ்சம் அடிப்படை. 1852-ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர், சில பொருட்கள் புற ஊதா ஒளியை வாங்கி வேறு நிறத்தில் திருப்பித் தருவதைப் பார்த்து, அதற்கு ஃப்ளோரசன்ஸ் என்று பெயர் வைத்தார். ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமப் படிகத்திலிருந்து எடுத்த பெயர் அது. நடப்பது இதுதான். உள்ளே வரும் ஒளி ஒரு எலக்ட்ரானை உயரமான படிக்குத் தூக்கிவிடுகிறது. அது கொஞ்சம் ஆற்றலை வெப்பமாகச் சிந்திவிட்டு, மிச்சத்தை ஒளியாக விட்டபடி கீழே இறங்குகிறது. வாங்கியது அதிகம், தருவது குறைவு. அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா உள்ளே போய், கண்ணுக்குத் தெரியும் நிறம் வெளியே வருகிறது.

கடையில் கிடைக்கிற ஃப்ளோரசன்ட் மையும் இதைத்தான் செய்யுது. ஆனா அதோட நிறம் அகலமானது, ஒரு மையைப் பார்த்து இன்னொண்ணைக் கலந்து ஏமாத்திடலாம். இங்கேதான் யூரோப்பியம், டெர்பியம், எர்பியம் மாதிரி அரிய மண் தனிமங்கள் வருது.

யூரோப்பியத்தை எடுத்துக்குவோம். அது மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில் ஒரு படிகத்துக்குள் உட்கார்ந்தால், ஒளி தருவது அதன் உள்ளறை எலக்ட்ரான்கள். வெளியே இருக்கும் எலக்ட்ரான் கூடுகள் அவற்றைச் சுவர் மாதிரி மறைத்துக்கொள்ளும். வீட்டின் உள்ளறையில் தூங்கும் பாட்டிக்குத் தெருச் சத்தம் கேட்காத மாதிரி, சுற்றியிருக்கும் படிகம் எதுவானாலும் அது 610 நானோமீட்டரை ஒட்டிய அதே சிவப்பில், ஊசி மாதிரி மெல்லிய கோடுகளாகத்தான் ஒளிரும். ஆனால் அதே யூரோப்பியம் இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் இழந்திருந்தால் கதை வேறு. அப்போது ஒளிர்வில் வெளிக்கூட்டுக்கும் பங்கு உண்டு. பாட்டி திண்ணைக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நடப்பதெல்லாம் அவரைப் பாதிக்கும். சுற்றியிருக்கும் படிகத்தை மாற்றினால் நிறம் நீலத்திலிருந்து பச்சைக்கு, சிவப்புக்குக்கூட நகரும். ஒரே தனிமம், எந்த வீட்டில் குடியிருக்கு என்பதைப் பொறுத்து வேற ஆள்.

இதுக்கு ஒரு அழகான உதாரணம் யூரோ நோட்டு. 2002 ஜனவரி 1-ல் யூரோ புழக்கத்துக்கு வந்துச்சு. அதில் என்ன ஒளிர் பொருள் இருக்குன்னு ஐரோப்பிய மத்திய வங்கி வெளியே சொல்றதில்லை. அதே வருஷம் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ரெண்டு பேர் நோட்டைக் கருவியில் வெச்சு, அதோட ஒளிர்வை அளந்து பார்த்தாங்க. சிவப்பு ஒளி கிட்டத்தட்ட கையெழுத்து மாதிரி காட்டிக் கொடுத்துடுச்சு: யூரோப்பியம். பச்சையும் நீலமும்கூட வேற படிகங்களில் உட்கார்ந்திருக்கிற யூரோப்பியமாத்தான் இருக்கணும்னு ஊகிச்சாங்க. யூரோவைக் காப்பாத்துறது யூரோப்பியம். பேரைப் பார்த்து யாரோ சிரிச்சுக்கிட்டே முடிவு பண்ணியிருப்பாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

(2016-ல் 2000 ரூபாய் நோட்டுக்குள்ள நானோ சிப் இருக்கு, பூமிக்கடியில் புதைச்சாலும் சாட்டிலைட் கண்டுபிடிக்கும்னு வாட்ஸ்அப்பில் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? சிப்பும் இல்லை, ஒண்ணும் இல்லை. நோட்டுகளில் நிஜமா இருக்கிற வேதியியல் அந்தப் புரளியைவிட எவ்வளவோ சுவாரசியம்.)

சரி, ரகசியம் வெளியே வந்ததும் யூரோ கவிழ்ந்துடுச்சா? இல்லை. பொருள் இன்னதுன்னு தெரியறது வேற, அதைச் சரியான தரத்தில் செஞ்சு, தாளுக்குள்ள சரியா பதிச்சு, மத்த பாதுகாப்பு அம்சங்களையும் சேர்த்துக் கொண்டு வர்றது வேற. ஆனா இங்கே ஒரு சாஃப்ட்வேர்க்காரனா எனக்கு மூக்கு வேர்க்குது. 1883-லேயே ஆகஸ்ட் கெர்க்கோஃப்ஸ் ஒரு விதி சொல்லிட்டார்: உன்னோட பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு எதிரிக்கு முழுசா தெரிஞ்சாலும், சாவி இல்லாமல் அவனால திறக்க முடியக் கூடாது. ராணுவ மறைகுறியீட்டுக்காகச் சொன்னது. இன்னைக்கு நீங்க யுபிஐ-ல பணம் அனுப்பறதும் இந்த விதிமேலதான் நிக்குது. ஒளிரும் மையோட பாதுகாப்பு அப்படி இல்லை. "என்ன கலந்திருக்கோம்னு சொல்ல மாட்டோம்"ங்கிறதுதான் பாதிப் பூட்டு.

ஆராய்ச்சியாளர்கள் இதுக்கு முதலில் சொன்ன பதில், பூட்டை இன்னும் சிக்கலாக்குறது.

ஒரு வழி, ஒளியைத் தலைகீழாக்குவது. சாதாரண ஒளிர்வில் அதிக ஆற்றல் உள்ளே, குறைந்த ஆற்றல் வெளியே என்று பார்த்தோம். 1966 வாக்கில் பிரான்சில் ஃப்ரான்சுவா ஓசெலும், சோவியத் ஒன்றியத்தில் ஓவ்சியாங்கின், ஃபியோஃபிலோவ் என்ற இருவரும் இதற்கு நேர் எதிரான ஒன்றை விளக்கினார்கள். சோடியம் இட்ரியம் ஃப்ளோரைடு போன்ற ஒரு படிகத்தில் இட்டெர்பியத்தையும் எர்பியத்தையும் கலந்து, 980 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை அடித்தால் பச்சை நிறம் வரும். வழுக்கு மரம் ஏறும்போது கீழே இருப்பவர் தோள் கொடுப்பார் இல்லையா, அந்த மாதிரி. இட்டெர்பியம் ஒரு முறை ஆற்றலை வாங்கி எர்பியத்தைப் பாதி உயரத்துக்கு ஏற்றிவிடும். அது வழுக்கிக் கீழே வருவதற்குள் இன்னொரு முறை தோள் கொடுக்கும். மேலே போனதும் எர்பியம் பச்சை ஒளியோடு இறங்கும். எர்பியத்துக்குப் பதில் துலியம் என்றால் நீலம். 2012-ல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரு குழு இந்த நானோ துகள்களை மையாக்கி ஒரு க்யூஆர் கோடை அச்சிட்டது. வெறும் கண்ணுக்கு வெற்றுத்தாள். அகச்சிவப்பு லேசர் பட்டால் மட்டும் கோடு தெரியும். என் 250 ரூபாய் டார்ச் அதுகிட்ட பாச்சா பலிக்காது.

இன்னொரு வழி நேரம். சின்ன வயசில் சீலிங்கில் ஒட்டுவோமே நட்சத்திர ஸ்டிக்கர், லைட் அணைச்ச பிறகும் மின்னும். இப்ப வர்ற நல்ல ரகங்களில் இருக்கிறது பெரும்பாலும் யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் கலந்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட் படிகம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1996-ல் அதைப் பற்றி எழுதினதுக்குப் பிறகு, பழைய துத்தநாக சல்ஃபைடு ரகங்கள் அதுக்கு வழிவிட ஆரம்பிச்சது. அது மணிக்கணக்கில் மின்னும். சாதாரண சாய மை நானோ நொடிகளில் அணைஞ்சுடும். நடுவில் இருக்கிறது அரிய மண் அயனிகள். 2014-ல் சிட்னியின் மெக்குவாரி பல்கலைக்கழகக் குழு, துலியம் கலந்த நானோ படிகங்களில் கலவையை மாற்றி மாற்றி, நீல ஒளி அணையும் நேரத்தை ஏறத்தாழ 25 மைக்ரோ நொடியிலிருந்து 660 மைக்ரோ நொடிவரை நகர்த்திக் காட்டினாங்க. எல்லாமே ஒரே நீலம். கண் ஒருமுறை சிமிட்டுற நேரத்தில் அதில் மெதுவானது கூட நூறு தடவைக்கு மேல எரிஞ்சு அணைஞ்சுடும். ஒண்ணுமேல ஒண்ணா அச்சடிச்ச படங்களை, நேரத்தை அளக்கத் தெரிந்த கேமரா மட்டும் பிரிச்சுப் பார்க்கும். நமக்கு அது ஒரு நீலக் கறை.

மூணாவது, எனக்கு ரொம்பப் பிடிச்ச ரசவாதம். எலுமிச்சைச் சாற்றில் எழுதி, பேப்பரைச் சூடு காட்டி ரகசியம் படிச்சிருப்பீங்க. 2017-ல் ஷாங்காயில் ஒரு குழு அதோட முதுகலைப் பட்டம் மாதிரி ஒண்ணு செஞ்சாங்க. காரீயம் உள்ள ஒரு உலோகக் கரிமச் சட்டகப் பொருளை மையாக்கி அச்சடிச்சா, சாதா வெளிச்சத்திலும் தெரியாது, யூவியிலும் தெரியாது. அதுமேல ஒரு புரோமைடு உப்புக் கரைசல் பட்டதும், அங்கேயே பெரோவ்ஸ்கைட் நானோ படிகங்கள் உருவாகி, யூவியில் பச்சையா எரியும். மெத்தனால் விட்டா அணைஞ்சுடும். மறுபடி உப்பு, மறுபடி வெளிச்சம். ஒற்றர்களுக்கு அருமையான மை. ஆனா காரீயம் இருக்கிற, தண்ணி பட்டா கரைஞ்சு போற ஒண்ணை மருந்துப் பெட்டியில் யார் ஒட்டுவாங்க?

இந்தத் துறையோட ஆய்வுக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிச்சதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. புதுசா ஒரு படிகம் செய்வாங்க. அதில் ஒரு பட்டாம்பூச்சியோ 8888-ன்னு நாலு எண்ணோ அச்சடிச்சு, யூவியில் போட்டோ பிடிப்பாங்க. கள்ளப் பொருள் தடுப்புக்குப் பயன்படும்னு ஒரு வரி. முடிஞ்சுது. யாரைத் தடுக்கப் போறோம், அவன்கிட்ட என்ன கருவி இருக்கு, சரிபார்க்கிறவர்கிட்ட என்ன கருவி இருக்குங்கிற கேள்வியே பல நேரம் வராது. எங்க ஆபீஸில் இப்படி ஒரு டிசைன் கொண்டு போனா ரிவ்யூவைத் தாண்டாது. எவ்வளவு அரிய படிகமா இருந்தாலும் எல்லாப் பெட்டியிலும் அதே மை, அதே படம்னா, ஒரு தடவை அந்த மையைச் செஞ்சவன் எல்லாப் பெட்டியையும் செஞ்சுடுவான். கெர்க்கோஃப்ஸ் இன்னும் முறைச்சுக்கிட்டுத்தான் நிக்கிறார்.

இதிலிருந்து வெளியே வர்ற வழி, கோலத்தை விட்டுட்டு மாவைக் கொட்டுறது.

வாசலில் அம்மா போட்ட கோலத்தை எதிர்வீட்டு அக்கா பார்த்து அப்படியே போட்டுடலாம். புள்ளி எத்தனை, இழை எப்படி போகுதுன்னு தெரிஞ்சா போதும். ஆனா கோலமாவு டப்பா கைதவறிக் கீழே விழுந்து சிதறுதுன்னு வைங்க. அந்தச் சிதறலை எதிர்வீட்டு அக்காவால மட்டும் இல்லை, கொட்டின அம்மாவாலயே இன்னொரு தடவை கொண்டு வர முடியாது. மாவு என்ன கடை, டப்பா என்ன அளவு, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்ததுன்னு எல்லாமே சொன்னாலும் முடியாது. மறைக்க ஒண்ணுமே இல்லை. அந்தக் குறிப்பிட்ட சிதறல்தான் சாவி. இதுக்குத் துறையில் வெச்ச பேரு பியுஎஃப். நகல் எடுக்க முடியாத பொருள்னு புரிஞ்சுக்கலாம்.

இந்த யோசனையோட மூதாதை ஒண்ணு ஏவுகணைமேல பிறந்தது. பனிப்போர் முடியற காலம். அமெரிக்காவும் சோவியத்தும் ஏவுகணைகளைக் குறைக்க ஒப்பந்தம் போடுறாங்க. எண்ணிப் பார்க்க வர்றவர், போன தடவை பார்த்த ஏவுகணை இதுதானான்னு எப்படி உறுதி செய்வார்? ஸ்டிக்கர் ஒட்டினா, சொந்தக்கார நாடே அதே மாதிரி ஸ்டிக்கர் அடிச்சுக்கும். அந்த நாட்டுக்கு இருக்கிற வசதிக்கு எதையும் செய்ய முடியும். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் இதுக்கு உருவாக்கின முறை ரொம்ப எளிமை. அபிரகம் மாதிரி தகடு தகடா இருக்கிற ஹெமடைட் படிகத் துகள்களைத் தெளிவான பிசினில் கலந்து பூசிடு. பல கோணத்திலிருந்து விளக்கடிச்சு போட்டோ எடு. ஒவ்வொரு கோணத்திலும் வேற வேற துகள் பளிச்சிடும். இதை எப்படிச் செஞ்சாங்கன்னு எதிர்த் தரப்புக்கு முழுசா சொல்லிடலாம். சொன்னாலும் ஒவ்வொரு துகளையும் அதே சாய்வில் உட்கார வைக்க முடியாது. கெர்க்கோஃப்ஸ் சிரிச்சிருப்பார்.

அந்தப் படிகங்கள் ஒளிரலை, ஒளியைத் திருப்பித்தான் அனுப்பிச்சது. ஒளிர்வு எங்கே உதவும்னா, போட்டோ ஏமாத்து வேலையில். ஒரு சிதறலை நல்ல கேமராவில் படம் பிடிச்சு, நல்ல பிரிண்டரில் அடிச்சா, கருவியை ஏமாத்த வாய்ப்பு இருக்கு. என் க்யூஆர் கோடு கதையேதான். 2018-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் குழு இதை அடைச்சாங்க. வெவ்வேறு அரிய மண் அயனிகளை ஏத்தின துகள்களைத் தெளிவான படலத்தில் தற்செயலா சிதற விட்டாங்க. ஒவ்வொரு அயனியும் தனக்குன்னு உரிய அலைநீளத்தில் ஒளி அடிச்சாத்தான் விழிக்கும். அதனால் ஒரே புள்ளிக் கூட்டத்தை ஒளியை மாத்தி மாத்திப் படம் எடுத்தா, வேற வேற சிதறல் கிடைக்கும். பிரிண்ட் போட்ட நகல்மேல எந்த ஒளி அடிச்சாலும் ஒரே முகத்தைத்தான் காட்டும், மாட்டிக்கும். அவங்க கருவியோட வெச்சுப் போட்ட கணக்கில், சாத்தியமான சாவிகள் 6-க்குப் பின்னால் 104 சுழியம். பூமியில் இருக்கிற அணுக்களோட எண்ணிக்கைக்கே ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல சுழியம் போதும்.

இப்போ என் வேலை சார்ந்த சந்தேகங்கள். முதலாவது, இந்தச் சிதறலோட படம் ஃபேக்டரியிலேயே எடுத்து ஒரு சர்வரில் இருக்கணும். சரிபார்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்த சர்வரைக் கேட்கணும். அது ஹேக் ஆனா, இல்லை கம்பெனி பில் கட்டாமல் அணைஞ்சு போனா, படிகம் வெறும் ஜிகினா. ரெண்டாவது, பாஸ்வேர்டு மாதிரி இது எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகாது. தூசி, கீறல், சாய்ஞ்ச கேமரா எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு படமும் கொஞ்சம் மாறும். எவ்வளவு மாறினா மன்னிக்கலாம்னு ஒருத்தர் ஒரு எண்ணை முடிவு பண்ணணும். இறுக்கிப் பிடிச்சா என் வாஷிங் மெஷின் நோட்டு மாதிரி நல்ல மருந்தைப் போலின்னு சொல்லும். தளர்த்தினா உள்ளே விட்டுடும்.

மூணாவதுதான் பெரிசு. லேபிள் அசல்னா உள்ளே இருக்கிறதும் அசல்னு அர்த்தம் இல்லை. காலி பாட்டிலை எடுத்து வேற எதையாவது ஊத்தி விக்கிறவனுக்கு எந்தப் படிகமும் தடை இல்லை, திறந்தாலே லேபிள் கிழியற மாதிரி செஞ்சிருந்தா தவிர. அதனாலதான் அடையாளத்தை மாத்திரைமேலேயே கொண்டு போகணும்னு ஒரு யோசனை ஓடுது. அமெரிக்காவின் எஃப்டிஏ 2011-லேயே மாத்திரைகளில் அடையாளப் பொருள் சேர்க்கிறதுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. 2020-ல் ஒரு குழு, ஒளிரும் புரதம் உள்ள பட்டுத் துகள்களால் சாப்பிடக்கூடிய பியுஎஃப் செஞ்சு காட்டினாங்க. பட்டுப்பூச்சிக்கே மரபணு மாத்தி அந்தப் புரதத்தைச் சுரக்க வெச்சாங்க. அது படிகம் இல்லை, இன்னைக்கு நம்ம தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. ஆனா வயிற்றுக்குள்ள போற இடத்தில் காரீயப் படிகத்தைவிட பட்டுக்குத்தான் என் ஓட்டு.

டார்ச் வேலை எல்லாம் முடிஞ்சு லைட்டைப் போட்டதும், அம்மா அந்த மாத்திரை அட்டையைக் கையில் வெச்சுக்கிட்டு, "இவ்வளவு நேரம் பார்த்தியே, இது நல்ல மாத்திரைதானா?"ன்னு கேட்டாங்க. அகச்சிவப்பு, மைக்ரோ நொடி, 104 சுழியம் எல்லாம் படிச்சு வெச்சிருந்த எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அந்த அட்டையில் அதெல்லாம் எதுவுமே இல்லை. தெரிஞ்ச கடையில் பில் போட்டு வாங்குங்க, பில்லில் இருக்கிற பேட்ச் எண்ணும் அட்டையில் இருக்கிறதும் ஒண்ணான்னு பாருங்கன்னு சொன்னேன். "அதை நான் பத்து வருஷமா பார்த்துட்டுத்தான் இருக்கேன்"னு சொல்லிட்டு, மாத்திரையைப் போட்டுக்கிட்டுத் தூங்கப் போயிட்டாங்க.